நடு சீட்டு கடிக்கும்

ஊர்க்கோடியில், மாவு மில்லுக்கும் வைக்கோல் கொட்டகைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட சோபா பட்டறை ஒன்று. பழைய சோபாவைக் கிழித்து, உள்ளே இருக்கிற கந்தலைக் கொட்டி, புதுசாக ஸ்பிரிங் கட்டி, நார் நிரப்பி, துணி போர்த்தி அனுப்புகிற இடம். முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கும் உண்டு. ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் அது வேலைக்கு வரும். மற்ற நாளில் ஊருக்கே அவர் ஆணிவாயர்.

பேர் வந்த கதை பெரிய கதையில்லை. சோபாவுக்குத் துணி போர்த்துகிறவனுக்கு இரண்டு கை போதாது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கணும், ஒரு கை சுத்தியலைப் பிடிக்கணும். ஆணியை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? வாய்தான். ஒரு பிடி சின்ன ஆணியை வாயில் கொட்டிக்கொண்டு, நாக்காலேயே திருப்பி, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியலை உதட்டுப் பக்கம் கொண்டுபோனதும் ஆணி டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த நொடி அது மரத்தில் இருக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பல்லுக்குத்தான் கேடு. முப்பது வருஷம் இரும்பு மென்றதில், மேலே ஒன்று கீழே ஒன்று என்று கிளம்பி, கடைசியில் ஒரு பல்லும் மிச்சமில்லை.

அதுகூட அவருக்குப் பெரிசில்லை. பெரிசு மச்சான்தான், மனைவியின் அண்ணன். வெளியூரில் மரக்கடை வைத்திருக்கிற ஆள், வருஷத்துக்கு இரண்டு தடவை தங்கச்சியைப் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் ஒரு பை வறுத்த வேர்க்கடலை, தோலோடு. ஆணிவாயருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கடலையாக முன்பல்லில் வைத்து, "கடக்." பிறகு, "மாப்ளே, உங்களுக்கு வேணும்னா மிக்சில போட்டு அரைச்சுத் தரச் சொல்லட்டுமா?" வெறும் வாயை மெல்லுகிற மனுஷனுக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? அவர் சிரிப்பார், ஆணிவாயரும் ஈறு தெரியாமல் உதட்டை இழுத்துச் சிரிப்பார். தரையெல்லாம் கடலைத் தோல். கூட்டுகிறவள் மனைவி. கூட்டும்போது அவள் விளக்குமாற்றைத் தரையில் அடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த அடி யாருக்கு விழ வேண்டியது என்று.

அவள்தான் போன மாசம் புருஷனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பல் செட் கட்ட வைத்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற ஒரே பல் டாக்டர். ஆறு தடவை நடந்து, ஆறு தடவை வாயில் மாவு மாதிரி எதையோ அப்பி அளவெடுத்து, ஏழாவது தடவை மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக வாயில் மாட்டிவிட்டார்கள். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிமே ஆணி வாய்க்குள்ள போகக்கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் என் வாசப்படி ஏறாதீங்க." ஆணிவாயர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனைவி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, இந்தத் தடவை கடலை ரெண்டு கிலோவா வாங்கிட்டு வா. உன் மாப்பிள்ளையும் கூட உக்காந்து கடிப்பாரு."

மச்சான் வருகிற நாளும் வந்தது. சாயங்காலம் நாலு மணி பஸ்.

ஈறு உறுத்துகிறது என்று சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஆணிவாயர் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில்தான் போட்டுவைப்பார். காலையில் பத்து மணிக்கு அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தார். பல்லைக் காணோம். மேசை இழுப்பறையில் இல்லை, பசை டப்பா பக்கத்தில் இல்லை, தண்ணீர்ப் பானை மூடி மேல் இல்லை. அப்புறம்தான் நேற்று நடந்தது ஞாபகம் வந்தது.

சத்தியத்தைப் பத்து நாள் காப்பாற்றியிருந்தார். பதினோராவது நாள், அதாவது நேற்று, அவசர வேலை. கை பழக்கத்தில் ஆணியை அள்ளி வாயில் போட்டுவிட்டது. ஒரு ஆணி பல் செட்டுக்கு அடியில் புகுந்து ஈறைக் குத்தியது. சீச்சீ என்று பல்லைக் கழற்றி, ஒரு நிமிஷம்தானே என்று, கைக்கெட்டிய இடத்தில் வைத்தார். கைக்கெட்டிய இடம் எது? முன்னால் திறந்து கிடந்த சோபாவின் நடு சீட்டு, நாரின் மேல். அதற்குள் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். போய் வந்தார். அவர் கைக்கு ஒரு குணம் உண்டு: சீட்டில் என்ன கிடந்தாலும் அது நிரப்புகிற சாமான். மேலே இன்னும் ஒரு பிடி நார், அதற்கு மேல் பஞ்சு, சாக்கு, ரெக்சின். வரிசையாக ஆணி. முடித்ததும் வழக்கம்போல உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டிப் பார்த்தார். உள்ளே கடக் என்று கேட்டது. ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, நல்ல ஸ்பிரிங் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். அந்த நல்ல ஸ்பிரிங் பல் இளித்துக்கொண்டு உள்ளே கிடந்திருக்கிறது.

சோபா இன்று காலை ஏழு மணிக்கே மினி லாரியில் ஏறிப் போய்விட்டது. யார் வீட்டுக்கு என்று கேட்டால் அழுவதா சிரிப்பதா தெரியாது. பல் டாக்டர் வீட்டுக்குக்கூட இல்லை, பல் டாக்டரின் கிளினிக்குக்கே. நோயாளிகள் காத்திருக்கிற அறையில் போடுவதற்கு.

"என்னங்க, பல்லு போட்டிருக்கீங்களா? எங்க, ஒரு தடவை சிரிங்க பாப்போம்," என்று மனைவி வாசலில் வந்து நின்றாள். ஆணிவாயர் சட்டென்று ஒரு பிடி ஆணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ம்ம்," என்றார்.

"டாக்டர் வேணாம்னாருல்ல? திருந்தவே மாட்டீங்க," என்று திட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் வரை அவள் வந்தபோதெல்லாம் வாயில் ஆணிதான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், பசியில்லை என்று கையை ஆட்டினார். வேலையே இல்லாமல் ஒரு காலி மரச்சட்டத்தில் அறுபது ஆணி அடித்தார். அண்ணன் முன்னால் அவள் தலை குனியும்படி ஆகிவிடுமே என்றுதான் பயம். அவருக்கு அவமானம் பழகிவிட்டது. அவள் இந்தப் பத்து நாளாகப் போனில் பேசின பேச்சை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மூன்று மணிக்கு, ஆணி பிடுங்குகிற கொக்கி, வளைஊசி, நூல், சுத்தியல் எல்லாவற்றையும் பையில் போட்டு, சைக்கிளில் கிளம்பினார். பஸ்ஸுக்குப் போய் மச்சானை அழைத்து வருகிறேன் என்று சைகை காட்டினார். மனைவிக்குப் பூரிப்பு.

கிளினிக்கில் புது சோபா நடு நாயகமாகக் கிடந்தது. அடர்பச்சை ரெக்சின், சுருக்கம் இல்லை, ஆணி வரிசை கோடு கிழித்த மாதிரி. தன் வேலையைப் பார்த்து ஒரு நொடி பெருமைகூடப் பட்டார், மனுஷன். அதில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஓரத்தில் ஒரு டீச்சர், இந்த ஓரத்தில் ஒரு டிரைவர். நடு சீட்டில், கன்னம் வீங்கின ஒரு குண்டு மனிதர்.

நம்பர் சீட்டுக் கொடுக்கிற அம்மா, "என்ன ஆணிவாயரே, எங்க இந்தப் பக்கம்?" என்றாள். அவர் வாயைத் திறக்காமல் சோபாவைக் காட்டி, தட்டிப் பார்க்கிற மாதிரி சைகை செய்தார். வாயில் ஆணியோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவருக்குப் புருவத்தாலேயே ஒரு பக்கம் பேச வரும்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. காலையிலேருந்து நடு சீட்டுல உக்காந்தவங்க எல்லாம் ஏதோ கடிக்குதுங்கறாங்க. நான்தான், பல் டாக்டர்கிட்ட வந்தா அப்படித்தான் இருக்கும், பயம்னு சொல்லி உக்கார வெச்சிருக்கேன்."

ஆணிவாயர் குண்டு மனிதரிடம் போய், கொஞ்சம் எழுந்திருங்கள் என்று கைகூப்பிக் காட்டினார். குண்டு மனிதர் அசையவில்லை.

"நான் எந்திரிக்க மாட்டேங்க. மூணு நாளா பல்வலி உசுரு போகுது. இதுல உக்காந்ததுலேருந்து கீழ கடிக்கிற கடியில மேல இருக்கிற வலியே தெரியல. டாக்டர் புதுசா ஏதோ வைத்தியம் வெச்சிருக்காரு போல." சொல்லிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உள்ளேயிருந்து கடக் என்றது. "ஆ... இப்ப எவ்வளவு சொகமா இருக்கு!"

தன் பல் அந்த மனிதரின் பாரத்தைத் தாங்குமா என்று ஆணிவாயருக்கு வேர்த்தது. நின்றபடியே காத்திருந்தார். டீச்சர் உள்ளே போய் வந்தார். டிரைவர் போய் வந்தார். நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. அந்தச் சத்தம் அவர் காதுக்குள் நுழைந்து முழங்கால் வழியாக வெளியே வந்தது. கடைசியில் குண்டு மனிதரின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் மனசில்லாமல் எழுந்து போய், சீக்கிரமே ஒரு பல் குறைந்து, முகமெல்லாம் மலர்ச்சியாக வெளியேறினார்.

அறை காலி. ஆணிவாயர் பையைத் திறந்தார். கொக்கியை எடுத்தார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கர்ச்சீப்பால் வாயைப் பொத்திய ஒருவர் வேகமாக உள்ளே வந்து, நடு சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். கையில் ஒரு பை.

மச்சான்!

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிணற்றில் விழுந்தவன் உள்ளே இன்னொருத்தன் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மாப்ளே, நீங்க எங்க இங்க?" என்றார் மச்சான், கர்ச்சீப்புக்குள்ளிருந்து. ஆணிவாயர் சோபாவின் கையைத் தட்டிக் காட்டினார். "ஓ, வேலையா? நான் சும்மாதான்... வீட்டுக்கு வழி கேக்கலாம்னு..." முப்பது வருஷமாக வந்து போகிற வீட்டுக்கு வழி! பொய் சொன்ன கூச்சத்தில் அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். மரக்கடைக்காரர் பாரம் ஒன்றும் லேசில்லை. கடக்!

"ஐயோ, கடிச்சிருச்சு!" என்று துள்ளி எழுந்தார். கர்ச்சீப் கீழே விழுந்தது.

ஆணிவாயர் பார்த்தார். மச்சான் வாயில் ஒரு பல்கூட இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தன் வாயைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி, சுத்தமான ரோஜா நிற ஈறு.

மச்சான் மூஞ்சி கூம்பிப்போனது. சீட்டுக் கொடுக்கிற அம்மா டாக்டருக்கு உதவ உள்ளே போயிருந்தாள். அப்படியும் மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருஷம் ஆச்சு மாப்ளே. எல்லாம் செட்டுதான். போன தடவை உங்க முன்னாடி கடிச்சதும் செட்டுப் பல்லுதான். இன்னைக்குப் பஸ்ஸுல, தங்கச்சி ரெண்டு கிலோன்னு சொன்னாளே, பழகிப் பாப்போம்னு ஒரே ஒரு கடலை கடிச்சேன். செட்டு ரெண்டா ஒடைஞ்சுபோச்சு. தயவுசெஞ்சு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மச்சான் உடைந்த பல்லைக் கர்ச்சீப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஆணிவாயர் தரையில் உட்கார்ந்தார். சீட்டின் முன் விளிம்பில் பத்து ஆணியைப் பிடுங்கி, ரெக்சினை மடக்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். நாருக்குள் விரல் எதிலோ மாட்டியது. இழுத்தார். பல்! ஒரு பல்கூட உடையவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்தும் உடையாத பல்லைக் கட்டின டாக்டரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. நாரை ஊதித் தள்ளி, மூலையில் இருந்த குழாயில் கழுவினார். பிறகு அதே ஆணிகளைத் திரும்ப அடித்து விளிம்பை மளமளவென்று மூடினார்.

கையில் பல். உள்ளே பல் இல்லாத மச்சான். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? முப்பது வருஷக் கடலை கண்முன் வந்தது. பல்லை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய், எதிரே நாற்காலி போட்டு, "மச்சான், உங்களுக்கு வேணும்னா மிக்சில..." வாக்கியம் தயாராக இருந்தது. ஆணிவாயர் சந்தோஷத்தில் தனியாகக் குலுங்கிச் சிரித்தார். பல்லை வாய்ப் பக்கம் கொண்டுபோனார்.

கதவு திறந்தது. சட்டென்று கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"நாளைக்கு மத்தியானம்தான் தருவாங்களாம்," என்றார் மச்சான். பையைத் திறந்து காட்டினார். மேலே ஒரு சீப்பு வாழைப்பழம். "ஸ்டாண்டுல இறங்கி இதை வாங்கினேன். கடலை அடியில கிடக்கு. என்ன மூஞ்சியை வெச்சிக்கிட்டு அங்க வருவேன் மாப்ளே? ஒரு நாள், இந்த ஒரு நாளைத் தாண்டவே எனக்கு வழி தெரியல. நீங்க எத்தனை வருஷம் என் எதிர்ல உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொன்னதில்லியே."

பாழாய்ப்போன மனுஷன், இப்போதா இதைச் சொல்ல வேண்டும்? ஆணிவாயர் தயாராக வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. பின்னால் இருந்த கை, தானாகவே பல்லைப் பேண்ட்டின் பின்பையில் போட்டது. காலையிலிருந்து மூடி வைத்திருந்த வாயை, அந்த நாளில் முதல் முறையாக, ஆவென்று திறந்து காட்டினார். வெறும் ஈறு.

"என் பல்லும் இன்னும் தயாராகல மச்சான். உங்க தங்கச்சி அவசரப்பட்டுச் சொல்லிட்டா."

மச்சான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, வழியெல்லாம் எந்தப் பல் முதலில் விழுந்தது என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். முப்பது வருஷத்தில் இவ்வளவு நேரம் பேசினதில்லை.

வீட்டில் மனைவி நல்ல புடவை கட்டி, இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, நடுவில் ஒரு தட்டுப் பச்சைக் கொய்யாக்காய் வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் கல் மாதிரி. "வாண்ணே, வா," என்றாள். அண்ணன் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அவள் கண் புருஷன் மேலேயே இருந்தது. "என்னங்க, சிரிங்க. அண்ணனுக்குக் காட்டுங்க."

"டாக்டர் இன்னும் தரலியே," என்றார் ஆணிவாயர். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவர் சொன்ன சொல்லில் பாதி காற்றாகப் போனது. மீதிப் பாதி அவளுக்குப் போதும்.

"தரலியா?" அவள் முகம் அப்படியே விழுந்தது. நேற்று வரைக்கும் வாயில் இருந்த பல்! கட்டின புருஷன் அண்ணன் முன்னால் தன்னைப் பொய்க்காரி ஆக்குகிறாரே என்று கண்ணில் நீர் கட்டியது. அதைப் பார்க்க ஆணிவாயருக்குப் பொறுக்கவில்லை. மச்சானைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மனுஷன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கடக்!

சோபாவிலாவது நடுவில் பஞ்சு, சாக்கு, ரெக்சின் இருந்தது. பேண்ட்டில் ஒரு துணிதான். இரண்டு வரிசையும் சேர்ந்து நன்றாகவே பிடித்தன. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆணிவாயர் பல்லில்லாத வாயை மென்று பார்த்தார், விழித்துப் பார்த்தார், ஒரு பக்கமாக நெளிந்து பார்த்தார். வலி விடவில்லை. "அம்மாடி!" என்று எழுந்து குதித்தார். பின்பக்கம் கையை விட்டுப் பிடுங்கினார். கையில் பளபளவென்று பல் செட்.

மனைவி பல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "பல்லை அங்க எதுக்குங்க வெச்சீங்க?" என்றாள்.

மச்சானுக்குப் புரிந்துவிட்டது. அவர் மெதுவாக எழுந்து, வாயைப் பொத்தாமல், தங்கச்சி முன்னால் பேசினார். "எனக்காக வெச்சிருக்காரும்மா. என் வாயைப் பாரு." அவள் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, சுவரில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்து. அண்ணன் அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் தலை குனிந்து நின்றார். அதுதான் தனக்கு நியாயம் என்கிற மாதிரி நின்றார்.

"போடுங்க மாப்ளே, பாப்போம்," என்றார்.

ஆணிவாயர் பல்லைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். மச்சான் கிட்டே வந்து, கடையில் மரம் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. மனைவி அதைக் கேட்டாள்.

மச்சான் குனிந்து, வாழைப்பழத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பையின் அடியிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு கடலையைப் பொறுக்கி நீட்டினார்.

"எனக்கும் சேத்து நீங்களே கடிங்க மாப்ளே."

ஆணிவாயர் வாங்கி முன்பல்லில் வைத்தார். கடக். தோல் இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. மனைவி விளக்குமாற்றை எடுக்கப் போகவில்லை.